மயிலாப்பூர்ப் பக்கிங்ஹாம் கால்வாய்: ஒரு மைக்கோட்டு ஓவியம் பற்றிய மதிப்புரை

சென்னையைப் பற்றிய கோட்டோவியங்கள் இப்போது நிறையவே விற்பனைக்கு வருகின்றன. கபாலீசுவரர் கோயில் கோபுரம், சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டு, சாந்தோம் தேவாலயம், மெரினாவின் கலங்கரை விளக்கம் என அவற்றின் கருப்பொருள்கள் பெரும்பாலும் ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலில் நான் கண்டிராத பக்கிங்ஹாம் கால்வாயை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்று அறிந்தபோது, இதை வாங்குவதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. வாங்கிச் சுவரில் மாட்டி, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்த்துப் பழகிய பிறகு காரணங்கள் பெருகியிருக்கின்றன. ஓவியர் தம் பெயர் இணையத்தில் பரவுவதை விரும்பாதவர். ஆகவே இந்த மதிப்புரையில் அவரை ஓவியர் என்றே குறிப்பிடுகிறேன்.

ஓவியம் ஏ2 அளவுத் தாளில், நின்ற வாக்கில் அமைந்தது. தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, வழுவழுப்பான பருத்தித் தாள். கருப்பு மை ஒன்றைத் தவிர வேறு வண்ணம் எதுவும் இல்லை. தடித்த கோடுகளுக்குத் தொட்டு எழுதும் நிப்புப் பேனாவையும், மிக நுண்ணிய கோடுகளுக்கு 0.05 மில்லிமீட்டர் முனை கொண்ட பேனாவையும், நிழல் படர வேண்டிய இரண்டு மூன்று இடங்களில் நீர் கலந்த மையைத் தூரிகையாலும் பயன்படுத்தியதாக ஓவியர் சொன்னார். மூலப்படத்துக்கு அவர் வைத்திருந்த விலை 9,000 ரூபாய். அச்சுப்படி வேண்டுவோருக்கு ஏ3 அளவில் 1,200 ரூபாய்.

தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்துக்கும் திருமயிலை நிலையத்துக்கும் இடைப்பட்ட கால்வாய்ப் பகுதியே படத்தில் உள்ளது. பாலத்தின் மேல் நின்று கால்வாயின் போக்கிலேயே பார்ப்பதுபோல் காட்சி அமைந்திருக்கிறது. தாளின் மேற்பகுதியை ரயில் பாதையின் அடித்தளம் கூரையாக மூடிக்கொண்டிருக்க, வலப்பக்கம் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. இடப்பக்கம் தடுப்புச் சுவரும், அதன் மேல் வீடுகளின் பின்புறங்களும் இருக்கின்றன. நடுவில் நீர். கரையின் விளிம்பும் பாதையின் விளிம்பும் தாளின் மையத்துக்குச் சற்று இடப்புறமாக, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் போய்ச் சேர்கின்றன. அந்தப் புள்ளியைத் தாளின் நட்டநடுவில் வைக்காமல் நகர்த்தியது நல்ல முடிவு; அதனால்தான் கான்கிரீட்டின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வீடுகளின் பக்கம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது.

நகரத்துக் கால்வாய் ஒன்றை மையால் வரைவது என்றவுடன் வெனிஸ் நகரமும் 18ஆம் நூற்றாண்டு ஓவியர் கனலெத்தோவும் நினைவுக்கு வருவது இயல்பு. அவருடைய பேனாக் கோட்டோவியங்களின் பெருந்தொகுப்பு ஒன்றை வெனிஸில் வாழ்ந்த ஆங்கிலேய வணிகர் ஜோசப் ஸ்மித் சேர்த்து வைத்திருந்து, 1762இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விற்றார். இன்றும் அவை பிரித்தானிய அரச சேகரிப்பில் இருக்கின்றன. அந்த ஓவியங்களில் மாளிகைகள் கால்வாயை நோக்கி முகம் காட்டி நிற்கும். படகிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குள் நுழைவதற்கான வாயில்கள் நீரின் மட்டத்திலேயே இருக்கும். சென்னையில் நிலைமை நேர்மாறானது. இங்கே வீடுகள் தெருவுக்கு முகத்தையும் கால்வாய்க்கு முதுகையும் காட்டுகின்றன. மயிலாப்பூர்க் கால்வாயை வெனிஸ்போல் வரைய முயன்றிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும். இந்த ஓவியர் முதுகுகளையே வரைந்திருக்கிறார்: கழிவுநீர்க் குழாய்கள், குளியலறையின் சிறு ஜன்னல், பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் மதில், மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் வேட்டி. ஒரு வீட்டுக்காரர் விருந்தினருக்குக் காட்ட விரும்பாத பக்கத்தை இத்தனை கவனத்தோடும் மரியாதையோடும் ஒருவர் வரைந்திருப்பதுதான் இந்த ஓவியத்தின் தலையாய சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

குழாய்களை மட்டும் தனியே சொல்ல வேண்டும். மொத்தம் நான்கு பி.வி.சி. குழாய்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் கீழே இறங்கும் கறை ஒவ்வொரு விதமாக வரையப்பட்டிருக்கிறது. முதல் குழாயின் கறை நேராக ஒழுகுகிறது. இரண்டாவதன் கறை, சுவரின் ஒரு வெடிப்பில் மோதி இரண்டாகப் பிரிகிறது. மூன்றாவதற்குக் கீழே பாசி படர்ந்து புள்ளிகளாக அடர்கிறது. நான்காவது குழாய் வறண்டிருக்கிறது, அதன் வாயில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அந்தக் கன்றின் இலைகளுக்கு ஓவியர் புறக்கோடு போடவே இல்லை. சுற்றிலும் சுவரின் நிழலைக் கோடுகளால் நிரப்பிக்கொண்டு வந்து, இலையின் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறார். அரசிலையின் நீண்ட வால்முனைகூட அந்த வெற்றிடத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஒரு கோடு தவறினாலும் திருத்த வழியில்லாத மையில் இதைச் செய்வதற்குக் கையில் உறுதியும் மனத்தில் முன்திட்டமும் வேண்டும்.

இந்தக் கால்வாயின் வரலாறு தெரிந்தவர்களுக்கு ஓவியம் இன்னும் ஆழமாகப் பேசும். 1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியில் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை வெட்டத் தொடங்கப்பட்ட கால்வாய், பிறகு படிப்படியாக நீண்டு, வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் தொடங்கித் தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடும் நீர்வழியாயிற்று. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, அதாவது இந்த ஓவியத்தில் காணும் மயிலாப்பூர்ப் பகுதி உட்பட்ட துண்டு, தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் வைத்திருந்த 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து தோண்டிய வாய்க்காலுக்கு அன்றைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் வடக்கிலிருந்து விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் இதன் வழியே நகருக்குள் வந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் பழுதுற்றது. சாலையும் ரயிலும் முன்பே பறித்துக்கொண்டிருந்த சரக்குப் போக்குவரத்து அதன்பின் மீளவே இல்லை. படகு நின்றபின் கால்வாயை நோக்கி வாசல் வைக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஓவியத்தில் கரை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடித் தூரத்தில் சற்றே வளைவதைப் பார்க்கும்போது, இது தானாகப் பாதை கண்ட ஆறாக இல்லாமல் மனிதர்கள் மண்வெட்டியால் போட்ட கோடாக இருப்பது புலப்படுகிறது. அந்த நீண்ட கரைக்கோட்டை ஓவியர் அளவுகோல் வைக்காமல் கைப்போக்கிலேயே இழுத்திருக்கிறார். கோடு நடுங்கவில்லை, ஆனால் உயிரற்றும் போகவில்லை.

நீரை வரைந்த விதத்துக்கு வருகிறேன். மைக்கோட்டில் நீரை வரையும்போது பலரும் அலைகளைப் போட்டுக் கெடுத்துவிடுவார்கள். இங்கே நீர் பெரும்பாலும் வெறும் தாள்தான். ரயில் பாதைக்கும் வீடுகளுக்கும் இடையே வானம் திறந்திருக்கும் சிறு இடைவெளியின் ஒளி நீரில் விழும் பட்டை, தாளின் வெண்மையாகவே விடப்பட்டிருக்கிறது. பாதையின் நிழல் விழும் வலப்பக்கத்தில் நீர் கலந்த மை இரண்டு சாயல்களில் படர்ந்திருக்கிறது. உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால் கரித்துகள்கள் தாளின் நுண்குழிகளில் படிந்து, வண்டல் இறங்கிய தேங்குநீரின் தோற்றத்தையே தருகின்றன. தூண்களின் பிரதிபிம்பங்கள் நேர்க்கீழாக இறங்குகின்றன, ஆனால் இடையிடையே அறுபட்டு. மெல்ல நகரும் அழுக்கு நீரில் பிம்பம் கண்ணாடியில் தெரிவதுபோல் முழுமையாகத் தெரியாது. ஆகாயத்தாமரை மிதக்கும் இடத்திலும் எண்ணெய்ப்படலம் படிந்த இடத்திலும் அது அற்றுப்போகும். ஓவியர் எங்கெங்கே பிம்பத்தை நிறுத்தியிருக்கிறாரோ அங்கெல்லாம் ஏதோ ஒன்று மிதக்கிறது. எது மிதக்கிறது என்பதை அவர் வரையவில்லை. பிம்பம் நின்றுபோனதை வைத்தே நாம் அறிந்துகொள்கிறோம். ஒரே ஓர் இடத்தில் மட்டும், கீழ் ஓரத்தில், ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு மடையான் ஒன்று நிற்கிறது. கட்டைவிரல் நக அளவுகூட இல்லாத அந்தப் பறவையின் மார்பிலுள்ள கீற்றுகள் எண்ணக்கூடிய தெளிவோடு இருக்கின்றன.

தூண்களைப் பற்றி இரு கருத்துகள் இருக்கலாம். இந்த ஓவியத்தைப் பார்த்த உறவினர் ஒருவர், "அந்தக் கான்கிரீட்டை விட்டுவிட்டு வரைந்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்" என்று வருந்தினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறக்கும் ரயில் கடற்கரை நிலையத்திலிருந்து மயிலாப்பூர் வரை 1997இலும் வேளச்சேரி வரை 2007இலும் வந்து சேர்ந்தது. அந்தப் பாதைக்காகக் கால்வாயின் உள்ளேயும் கரையிலும் எழுப்பிய தூண்கள் நீர்வழியை ஒடுக்கிவிட்டன என்பது நகரத்தின் வெள்ளத்தைப் பற்றிப் பேசும் எவரும் குறிப்பிடும் செய்தி. தூண்களை நீக்கிவிட்டு வரைந்தால் அது பழைய கால்வாயைப் பற்றிய கற்பனையாக இருக்கும். இவர் தூண்களின் மேல் நீர் ஏறி இறங்கிய தடங்களையும் விடவில்லை. அடியில் அடர்ந்த குறுக்குக்கோடுகள், அதற்கு மேல் ஒற்றைத் திசைக் கோடுகள், அதற்கும் மேல் சிதறிய புள்ளிகள் என்று மூன்று அடுக்குகளாகக் கறை ஏறியிருக்கிறது. எந்த மழையில் எந்த அடுக்கு வந்தது என்று அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் சொல்லிவிடக்கூடும்.

தமிழகத்தில் மைக்கோட்டு ஓவியத்துக்கு வலுவான மரபு உண்டு. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியைக் கோடுகளாலேயே தொடர்ந்து வரைந்த கே.எம். ஆதிமூலத்தின் கோடு, வேகமும் விடுதலையும் கொண்டது. உருவத்தைச் சொல்லிவிட்டுத் தன்போக்கில் போய்விடும். மதுரையையும் சென்னையையும் வரைந்த மனோகர் தேவதாஸ், கண்பார்வை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்த நோயோடு போராடியபடி, ஒவ்வொரு செங்கல்லுக்கும் இலைக்கும் கணக்குக் கொடுப்பதுபோன்ற நுணுக்கத்தோடு உழைத்தவர். இந்தக் கால்வாய் ஓவியம் இரண்டாமவரின் வழியில் வருவது என்றே சொல்லத் தோன்றுகிறது. சுவரும் குழாயும் அப்படித்தான் வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் நீரில் வெள்ளையை அள்ளி விட்டிருக்கும் துணிவு முதலாமவரிடமிருந்து கற்றதாக இருக்க வேண்டும். இந்த ஓவியர் பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர் என்பதால் இரு மரபுகளும் அவருக்குப் பழக்கமானவையாகவே இருக்கும்.

குறைகளும் உண்டு. அவற்றுள் பெரியது ரயில். தாளின் மேல் ஓரத்தில் பாதையின் மீது ஒரு ரயில் பெட்டியின் பகுதி தெரிகிறது. அதன் ஜன்னல்கள் அளவுகோல் கொண்டு போடப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே தடிமன். கைப்போக்கில் வாழும் இந்தத் தாளில் அந்தப் பகுதி மட்டும் பொறியாளரின் வரைபடத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் அந்நியமாக நிற்கிறது. ரயிலே இல்லாமல் விட்டிருந்தாலும் பாதை எதற்கானது என்று யாருக்கும் ஐயம் எழுந்திருக்காது. அடுத்து, இடது மேல் மூலையில் உள்ள வேப்பமரம். அங்கே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அளவுக்கு மீறி ஏறி, இலைக்கொத்துகளுக்கு இடையே வெளிச்சம் நுழைய வழியில்லாமல் ஒரே கருமையாகிவிட்டது. அரசங்கன்றுக்கு அவ்வளவு வெள்ளை விட்ட கை, மரத்துக்கு ஏன் விடவில்லை என்று தெரியவில்லை.

மூன்றாவது குறையைச் சற்றுத் தயக்கத்துடனே சொல்கிறேன். படத்தில் மனிதர் ஒருவர்கூட இல்லை. வேட்டி காய்கிறது, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மாடியில் கிடக்கிறது, ஆனால் அவற்றுக்கு உரியவர் இல்லை. வெறுமை வேண்டும் என்றே ஓவியர் அப்படிச் செய்திருக்கலாம். ஆயினும் ஓர் ஆள் உருவம் எங்கேனும் இருந்திருந்தால் தூண்களின் உயரம் எத்தகையது என்பது கண்ணுக்கு உடனே உறைத்திருக்கும். இப்போது அந்த உயரத்தை வீட்டு மாடிகளோடு ஒப்பிட்டே உணர வேண்டியிருக்கிறது.

குப்பையைக் குறைத்துக் காட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் எழக்கூடும். உண்மையில் அந்த இடத்தில் மிதப்பவை படத்தில் உள்ளதைவிட அதிகம். ஆனால் குப்பையை முழுவதுமாக வரைந்தால் பார்ப்பவர் குப்பையை மட்டுமே பார்ப்பார், கால்வாய் மறைந்துவிடும். நாற்றத்தைத் தாளில் வரைய முடியாது, வரைய வேண்டியதும் இல்லை. குழாய்களின் கறையைப் பார்ப்பவருக்கு அந்த நீரில் என்ன கலக்கிறது என்பது விளங்காமல் போகாது.

மையின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓவியர் பயன்படுத்தியது கரித்துகள் அடிப்படையிலான, நீர் பட்டாலும் கரையாத டிராயிங் இங்க். எழுதுபேனாவில் ஊற்றும் சாதாரண மை சாயத்தால் ஆனது. வெயில் பட்டால் சில ஆண்டுகளில் வெளுக்கும், ஈரம் பட்டால் பரவும். தாளின் கீழ் விளிம்பில், சட்டத்துக்குள் மறையும் பகுதியில், மை சோதித்துப் பார்த்த சில கீறல்களை ஓவியர் அப்படியே விட்டிருந்தார். ஈரப் பஞ்சால் அவற்றின் மேல் ஒற்றிப் பார்த்தேன்; பஞ்சில் கருமை ஏறவில்லை. மையால் வரைந்த படத்தை வாங்குவோர் எந்த மை, எந்தத் தாள் என்ற இரண்டு கேள்விகளையும் விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அனுப்பி வைத்த முறையில்தான் ஓவியர் இன்னும் கவனம் செலுத்த வேண்டும். படம் ஒரு குழாய்க்குள் சுருட்டப்பட்டு வந்தது. மெல்லிய தாள் என்றால் பாதகமில்லை. 300 ஜிஎஸ்எம் தாளைச் சுருட்டினால் அது எளிதில் நிமிர்ந்து கொடுக்காது. இரு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் புத்தகங்களின் பாரத்தில் சில நாள் அழுத்திய பிறகே சட்டமிடத் தகுந்த நிலைக்கு வந்தது. மை உதிரவோ தாளில் மடிப்பு விழவோ இல்லை என்பது ஆறுதல். கூரியர் செலவு கூடினாலும், தட்டையாக அட்டைகளுக்கு இடையே வைத்து அனுப்பும்படி கேட்டு வாங்குவது நல்லது.

அச்சுப்படியையும் ஒரு நண்பரின் வீட்டில் மூலத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். சுவரும் குழாய்களும் தூண்களும் அச்சில் நன்றாகவே வந்திருக்கின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் படம் ஏ3 அளவுக்குச் சுருங்கும்போது 0.05 பேனாவின் கோடுகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மடையானின் மார்புக் கீற்றுகள் சாம்பல் திட்டாகிவிட்டன. நீரின் நிழலில் படிந்த கரித்துகளின் நுண்மை காணாமல் போய், சீரான சாம்பல் நிறமே எஞ்சியிருக்கிறது. இந்த ஓவியத்தின் உயிர் நீரில் இருக்கிறது என்பதால், இயன்றவர்கள் மூலப்படத்தையே வாங்க வேண்டும் என்பேன். மூலம் ஒன்றுதான், அதை நான் வாங்கிவிட்டேன். ஆயினும் இதே கால்வாயின் வேறு பகுதிகளை வரையும் எண்ணம் இருப்பதாக ஓவியர் கூறினார். அச்சுப்படிதான் இயலும் என்போர், ஏ2 அளவிலேயே அச்சிட்டுத் தருமாறு கேட்கலாம். விலை கூடினாலும் கோடுகள் பிழைக்கும்.

சட்டமிடுவதில் சென்னைவாசிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் போன கடையில் கண்ணாடியை நேராகத் தாளின் மேலேயே பதித்துத் தருவதாகச் சொன்னார்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்துத் தாள் அதில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைப் புள்ளிகளும் வரும். அமிலமற்ற மவுண்ட் அட்டையை நான்கு பக்கமும் வைத்துக் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விடச் செய்தேன். பின்புறத்தை முழுவதும் மூடி ஒட்டச் சொன்னதால் இராமபாணப் பூச்சி நுழையவும் வழியில்லை. எதிரொளி குறைந்த கண்ணாடி சற்று விலை அதிகம்தான். ஆனால் சாதாரணக் கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பம் சரியாக நீரின் வெள்ளைப் பட்டையின் மேல் விழுந்து, ஓவியர் விட்ட வெளிச்சம் எது, விளக்கின் வெளிச்சம் எது என்று தெரியாமல் செய்துவிடும். மேற்குச் சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாமல் இருப்பது நலம். கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாட்டினால், பாலத்திலிருந்து குனிந்து பார்க்கும் கோணம் அப்படியே கிடைக்கிறது.